டிரெய்லரோடு மலை ஏறி இறங்க எந்தச் சாலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம், டிராவல் டிரெய்லரை (வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் சிறு வீடு) வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ அமெரிக்காவின் மேற்குப் பகுதி மலைகளுக்குக் கிளம்பும் குடும்பங்களிடமிருந்து எனக்கு ஏறத்தாழ ஒரே கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். மலைச்சாலையில் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை, கிளம்புவதற்கு முந்தைய இரவு வரைபடத்தின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே தவிர்த்துவிட முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

டிரெய்லரை இழுத்துக்கொண்டு மலைச்சாலையில் போவதே ஆபத்தா?

ஆபத்தில்லை. ராக்கி மலைத்தொடரையும் சியரா நெவாடாவையும் ஆண்டுதோறும் ஏராளமான குடும்பங்கள் டிரெய்லரோடு கடந்து நலமாக வீடு திரும்புகின்றன. ஆனால் தனிக் கார் போகும் சாலையெல்லாம் டிரெய்லருக்கும் ஏற்றது என்று எண்ணிவிடக் கூடாது. நீளமும் எடையும் ஏறத்தாழ இரண்டு மடங்காகின்றன. வளைவுகளில் டிரெய்லரின் சக்கரங்கள் முன்வண்டியின் தடத்தில் வராமல் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வருகின்றன. தவறான இடத்தில் நுழைந்துவிட்டால் திருப்பிக்கொண்டு வருவதும் எளிதல்ல.

சாலைப் பலகையில் 6% என்று போட்டிருக்கிறதே, அது அதிகமா, குறைவா?

6% என்றால் கிடைமட்டமாக 100 அடி போகும்போது 6 அடி உயரம் மாறுகிறது என்று பொருள். ஒரு மைலில் இது ஏறத்தாழ 317 அடி. மலைப்பகுதி நெடுஞ்சாலைகளில் 6% என்பது சாதாரணமாகக் காணக்கூடிய அளவுதான்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு மைல் நீளமுள்ள 6% இறக்கத்தில் பிரேக் சூடாவதற்குள் அடிவாரம் வந்துவிடும். அதே 6% தொடர்ந்து 7 மைல் நீண்டால் 2,200 அடிக்கு மேல் இறங்க வேண்டியிருக்கும். அங்கே ஓட்டுகிற முறையே வேறு. எனவே பலகையில் சரிவின் அளவோடு எத்தனை மைல் என்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு அந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

ஏறுவதுதானே கஷ்டம்? எல்லோரும் இறக்கத்தைப் பற்றியே ஏன் பயமுறுத்துகிறார்கள்?

ஏற்றத்தில் வண்டிக்கு வலு போதவில்லையென்றால் வேகம் குறையும். மிஞ்சிப் போனால் எஞ்சின் சூடாகி ஓரமாக நிற்க நேரும். அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இறக்கத்தில் பிரேக்குக்கு வலு போதவில்லையென்றால் வேகம் கூடும், அதைக் குறைக்கும் கருவி அதே பிரேக்தான். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே சாலையை அதன் இறக்கத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விளங்கும். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து 12,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். அது 3,000 அடி உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் ஏறத்தாழ 49 மெகாஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 145 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி முழுவதையும் எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் சில கிலோ எடையுள்ள பிரேக் வட்டுகள் தாங்க வேண்டும். பிரேக்கையே நம்பி இறங்கினால் அவை எவ்வளவு சூடாகும் என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

கூகுள் மேப் காட்டும் வழியில் போனால் போதாதா?

போதாது. உங்களுக்குப் பின்னால் 25 அடி டிரெய்லர் வருகிறது என்பது கூகுள் மேப்புக்குத் தெரியாது. குறைந்த நேரத்தில் போகக்கூடிய வழியைத்தான் அது காட்டும். உயரம், நீளம், எடை ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு வழி சொல்லும், ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளுக்கான ஜி.பி.எஸ். கருவிகளும் செயலிகளும் இருக்கின்றன. தாழ்வான பாலங்களையும் தடை செய்யப்பட்ட சாலைகளையும் தவிர்க்க அவை உதவுகின்றன. ஆனால் இறக்கத்தின் கடுமையை அவையும் எப்போதும் கணக்கில் எடுப்பதில்லை.

இடாஹோவின் இடாஹோ ஃபால்ஸிலிருந்து வயோமிங்கின் ஜாக்சனுக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். குறுகிய வழி டீட்டன் கணவாய் வழியாகப் போகிறது. கணவாயின் உயரம் 8,431 அடி. இருபுறமும் 10% வரை சரிவு. குளிர்காலத்தில் அங்கே டிரெய்லர்களுக்குத் தடையே உண்டு. மாற்று வழியில் ஸ்வான் வேலியிலிருந்து யு.எஸ். 26 சாலையிலேயே தொடர்ந்து ஆல்பைன் வரை போய், அங்கிருந்து ஸ்நேக் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாக ஜாக்சனை அடையலாம். ஏறத்தாழ 20 மைல்தான் கூடுதல். பெரிய கணவாய் எதையும் ஏறி இறங்க வேண்டியதில்லை, ஆற்றங்கரைக் காட்சியும் கிடைக்கும். அந்த அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தப் போய் 10% இறக்கத்தில் இறங்குவதை என்னால் யாருக்கும் பரிந்துரைக்க முடியாது.

அப்படியானால் எதை முதலில் பார்த்து வழியை முடிவு செய்வது?

முதலில் உயர வரைபடத்தைப் பாருங்கள். கூகுள் எர்த்தில் நீங்கள் போகவிருக்கும் சாலையின் மேல் கோடு வரைந்தால், மைல் கணக்கில் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் படம் கிடைக்கும். அதில் கணவாயின் உச்சி எத்தனை அடி என்று பார்ப்பதைவிட, உச்சியிலிருந்து அடிவாரம் வரை தொடர்ந்து இறங்கும் மிக நீண்ட பகுதி எது என்று தேடுங்கள். மனக்கணக்குக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: ஒரு மைலுக்கு 53 அடி இறங்கினால் 1%. ஆக, ஒரு மைலில் 370 அடி இறங்கினால் 7%. நான் கடைப்பிடிக்கும் வரம்பு இது: 6% வரை எத்தனை மைல் நீண்டாலும் முறையாகத் தயாரான வண்டியில் போவேன், 7% அல்லது 8% என்றால் அது இரண்டு மூன்று மைலில் முடிகிறதா என்று பார்ப்பேன், அதற்கும் மேல் போனால் மாற்று வழி தேடுவேன்.

அடுத்து, இறக்கம் எங்கே முடிகிறது என்பதைப் பாருங்கள். அடிவாரம் நேரான, அகலமான சாலையாக இருந்தால் சிறு தவறுகளுக்கு இடம் உண்டு. இறக்கத்தின் கடைசியில் கொண்டை ஊசி வளைவோ, ஊருக்குள் நுழையும் சிக்னலோ இருந்தால், பிரேக் மிகவும் சூடாகியிருக்கும் அந்த நேரத்தில்தான் அது உங்களுக்கு முழுமையாகத் தேவைப்படும். செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வளைவுகளின் நெருக்கமும், ஓரத்தில் ஒதுங்க இடம் இருப்பதும் இல்லாததும் தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, அந்தச் சாலையில் பெரிய லாரிகள் போகின்றனவா என்று பாருங்கள். நெடுந்தூர லாரிகள் வழக்கமாகப் போகும் சாலையில் வளைவுகளும் அகலமும் உங்கள் டிரெய்லருக்குப் போதுமானவையாக இருக்கும். ரயில் பாதை கூடவே வரும் கணவாயாக இருந்தால் இன்னும் நல்லது. ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. 2% சரிவே முக்கியப் பாதைகளில் கடுமையானதுதான். அதனால் அந்தக் காலத்து ரயில்வே பொறியாளர்கள் மலையில் இருப்பதிலேயே மென்மையான வாயிலைத் தேடிப் பிடித்தார்கள். மொன்டானாவில் 1889-இல் ஜான் எஃப். ஸ்டீவன்ஸ் கிரேட் நார்தர்ன் ரயில்வேக்காகக் குளிரில் நடந்தே போய் உறுதிசெய்த மரியாஸ் கணவாய் வெறும் 5,213 அடி உயரம்தான். இன்று யு.எஸ். 2 அதே வழியில் போகிறது, டிரெய்லர்காரர்களுக்கு அது ஒரு வரம்.

இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையிலேயே போய்விட்டால் கவலை இல்லைதானே?

பெரும்பாலும் அதுவே சரியான தேர்வு. தனித்தனித் தடங்கள், அகலமான ஓரங்கள், மெதுவாகப் போகும் வண்டிகளுக்கென வலது தடம், பிரேக் செயலிழந்த லாரிகள் நுழைந்து நிற்கச் சரளை நிரப்பிய தப்பிப் பாதைகள் என எல்லாம் அங்கே உண்டு. ஆனால் இன்டர்ஸ்டேட் என்பதாலேயே மலை தாழ்ந்துவிடுவதில்லை. கொலராடோவில் இன்டர்ஸ்டேட் 70, ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையில் 11,000 அடிக்கு மேல் ஏறுகிறது. அங்கிருந்து மேற்கே சில்வர்தார்ன் வரை 7% வரையிலான நீண்ட இறக்கம். கிழக்கே டென்வரை நோக்கி வரும்போது நகரம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், இறக்கம் முடிந்துவிட்டதாக நம்பி வேகத்தை விட்டுவிடும் லாரி ஓட்டுநர்களுக்காகவே, 'நீங்கள் இன்னும் கீழே வந்து சேரவில்லை' என்ற பொருளில் பலகைகள் வைத்திருக்கிறார்கள். அவை உங்களுக்கும் பொருந்தும்.

டிரெய்லரோடு போகவே கூடாத சாலைகளைப் பெயர் சொல்லிச் சொல்லுங்களேன்.

சிலவற்றில் சட்டமே தடுக்கிறது. கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் இடையே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நீளத்தில் டிரெய்லரும் சேர்த்தே கணக்கு. மேலே சொன்ன யு.எஸ். 2 தான் அதற்கு மாற்று. கொலராடோவின் இண்டிபென்டென்ஸ் கணவாயில் (12,095 அடி) 35 அடிக்கு மேல் தடை. யூட்டாவில் 1930-இல் முடிக்கப்பட்ட சயான் - மவுன்ட் கார்மல் சுரங்கம் அந்தக் காலத்து வண்டிகளின் அளவுக்குக் குடையப்பட்டது. 7 அடி 10 அங்குல அகலத்தையோ 11 அடி 4 அங்குல உயரத்தையோ தாண்டும் வண்டிகளுக்கு அங்கே தனிக் கட்டுப்பாடு உண்டு. பெரும்பாலான டிராவல் டிரெய்லர்கள் 8 அடி அகலம் என்பதால் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். கட்டுப்பாட்டின் விதிகள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

வேறு சிலவற்றில் சட்டம் தடுக்காவிட்டாலும் நான் தடுப்பேன். கலிஃபோர்னியாவின் சொனோரா கணவாயில் (நெடுஞ்சாலை 108) சில இடங்களில் சரிவு 26% வரை போகிறது. எபெட்ஸ் கணவாயில் (நெடுஞ்சாலை 4) சாலை ஒற்றைத் தடமாகக் குறுகி, நடுக்கோடே மறைந்துவிடுகிறது. அங்கே சியராவைக் கடக்க யு.எஸ். 50 அல்லது இன்டர்ஸ்டேட் 80 போதும். வயோமிங்கின் பிக்ஹார்ன் மலையைக் கடக்க மூன்று சாலைகள் உண்டு. அவற்றில் யு.எஸ். 14ஏ 10% சரிவோடு மிகவும் கடுமையானது. பஃபலோவிலிருந்து டென் ஸ்லீப்புக்குப் போகும் யு.எஸ். 16, பவுடர் ரிவர் கணவாயில் 9,666 அடி வரை ஏறினாலும், மூன்றிலும் மென்மையானது.

மில்லியன் டாலர் ஹைவேயில் எத்தனையோ பேர் டிரெய்லரோடு போகிறார்களே, நாங்கள் போனால் என்ன?

கொலராடோவில் யு.எஸ். 550 சாலையில் சில்வர்டனுக்கும் யூரேக்கும் இடையே உள்ள பகுதியைத்தான் அப்படி அழைக்கிறார்கள். ரெட் மவுன்டன் கணவாயின் உயரம் 11,018 அடி. பல இடங்களில் தடுப்புக் கம்பி கிடையாது. வெள்ளைக் கோட்டுக்கு அடுத்த அடியே பள்ளம். அங்கே டிரெய்லர் போவதற்குத் தடை இல்லை, அனுபவமுள்ளவர்கள் போகத்தான் செய்கிறார்கள். ஆனால் முதல் மலைப்பயணத்துக்கு அந்தச் சாலை வேண்டாம். எதிரே வரும் அகலமான வண்டிக்கு வழிவிட நினைத்து வலப்புறம் ஓர் அடி ஒதுங்கும் பழக்கம் சமவெளியில் நம்மைக் காப்பாற்றும். அங்கே அதே பழக்கம் டிரெய்லரின் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கிவிடும்.

டுராங்கோவிலிருந்து ரிட்ஜ்வே போக வேண்டுமானால் கோர்டெஸ், டொலோரஸ் வழியாக நெடுஞ்சாலை 145-இல் லிசர்ட் ஹெட் கணவாயைக் கடந்து, பிளேசர்வில்லில் நெடுஞ்சாலை 62-க்குத் திரும்பலாம். சுற்றுவழிதான், அதுவும் மலைவழிதான். ஆனால் மனம் பதறாமல் ஓட்டலாம். மில்லியன் டாலர் ஹைவேயைப் பார்க்க ஆசை இருந்தால் டிரெய்லரை முகாமில் கழற்றி வைத்துவிட்டு வெறும் வண்டியில் ஒரு நாள் போய் வாருங்கள். உங்களுக்கும் கண்ணாறப் பார்க்க முடியும்.

என் வண்டி 7,500 பவுண்டு இழுக்கும் என்று விளம்பரத்தில் இருக்கிறது, டிரெய்லர் 6,500தான். மலைக்குப் போதும்தானே?

இந்தக் கேள்விக்கு நான் ஒருபோதும் உடனே ஆம் என்று சொல்வதில்லை. ஓட்டுநர் பக்கக் கதவின் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் அந்த எண்தான் முதலில் தீர்ந்துபோகிறது. 6,500 பவுண்டு டிரெய்லரின் எடையில் 10 முதல் 15% வரை கொக்கியின் மேல் இறங்க வேண்டும்; 13% என்றால் 845 பவுண்டு. எடையைப் பகிர்ந்தளிக்கும் கொக்கி அமைப்புக்கு ஒரு 90, குடும்பத்தில் ஐந்து பேருக்கு 700 என்று கூட்டினால் 1,635 ஆகிவிடும். ஸ்டிக்கரில் 1,350 என்று இருந்தால், கூலர் பெட்டியை ஏற்றும் முன்பே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

இழுவைத் திறனை அளக்கும், எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற தரநிலை, அரிசோனாவின் டேவிஸ் டாம் ஏற்றத்தில் ஏறக்குறைய 11 மைல் கடும் வெயிலில் ஏற வைத்துச் சோதிக்கிறது, நம்பத்தகுந்த சோதனைதான். ஆனால் அதில் வண்டிக்குள் ஓட்டுநரும் ஒரு பயணியும், தலைக்கு 150 பவுண்டு என்றுதான் கணக்கு. எனவே பயணத்துக்குக் கட்டிய சாமானோடு ஒருமுறை லாரி நிறுத்தங்களில் உள்ள எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். அந்தச் சீட்டில் வரும் எண்தான் உண்மை.

உயரம் ஏற ஏற வண்டி ஏன் இப்படித் திணறுகிறது?

காற்று மெலிந்துவிடுகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3% வலுவை இழக்கிறது. 11,000 அடியில் ஏறத்தாழ 30% போய்விடும். டர்போ எஞ்சினில் இழப்பு மிகக் குறைவு. வலது தடத்தில் 35 மைல் வேகத்தில் ஏறுவதில் எந்தக் குறையும் இல்லை. வெப்பமானி ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள், கியரைக் குறைத்து வேகத்தையும் குறையுங்கள்.

இறக்கத்தில் எந்த கியரில் இறங்குவது? ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும் என்கிறார்களே?

அது பழைய லாரிகளுக்கான விதி. இன்றைய வண்டிகளில் உராய்வும் காற்றெதிர்ப்பும் குறைந்துவிட்டதால், ஏறியதைவிடத் தாழ்ந்த கியர் தேவைப்படலாம் என்று அமெரிக்க வணிக ஓட்டுநர் உரிமத்துக்கான கையேடுகளே எச்சரிக்கின்றன. முக்கியமானது, கியரை உச்சியிலேயே மாற்றிவிட வேண்டும். வேகம் கூடிய பிறகு தாழ்ந்த கியருக்குப் போவது கடினம். டோ-ஹால் பொத்தானை (பாரம் இழுக்கும்போது கியர் மாறும் முறையை மாற்றும் பொத்தான்) அழுத்திவிட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும் வேகத்தில் இறங்கத் தொடங்குங்கள்.

அதற்குப் பிறகும் வேகம் மெல்ல ஏறும். நீங்கள் வைத்துக்கொண்ட பாதுகாப்பான வேகம் 40 என்றால், 40-ஐத் தொட்டதும் பிரேக்கை உறுதியாக மிதித்து 35-க்குக் கொண்டுவந்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மறுபடி 40 வரும்போது மறுபடி. காலை லேசாக மிதிமேல் வைத்துக்கொண்டே இறங்குவது மென்மையாகத் தோன்றும். ஆனால் பிரேக்குக்கு ஆறவே நேரம் கிடைக்காது.

டிரெய்லரிலும் பிரேக் இருக்கிறதே, அது தானாக வேலை செய்யாதா?

செய்யும், சரியாக அமைத்திருந்தால். ஒரு கோடையில் முன்பு சொன்ன யு.எஸ். 16-இல் டென் ஸ்லீப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தபோது, எஞ்சின் நன்றாகப் பிடித்தும் பிரேக்கை வழக்கத்தைவிட அடிக்கடி மிதிக்க வேண்டியிருந்ததால் ஒரு ஒதுக்கிடத்தில் நிறுத்தினேன். வண்டியின் முன் சக்கரத்தருகே உள்ளங்கையைக் கொண்டுபோனால் அடுப்பருகே நீட்டியதுபோல அனல் அடித்தது. டிரெய்லரின் சக்கரத்து நடுப்பகுதியில் கையை வைக்கவே முடிந்தது. வெயிலில் நின்ற இரும்பின் சூடு மட்டும்தான் இருந்தது. அத்தனை எடையையும் முன்வண்டி ஒன்றே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. வண்டியிலிருந்து டிரெய்லருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஏழு முனை பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பிரேக்குக்கான முனையில் பச்சை பூத்து, மின்சாரம் அரைகுறையாகவே போய்க்கொண்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் செருகியதும் பிடிப்பு திரும்பியது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்த பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

சோதிப்பது எளிது. காலியான சமதளத்தில் 20 அல்லது 25 மைல் வேகத்தில் போய், பிரேக் கன்ட்ரோலரின் (டிரெய்லர் பிரேக்கை ஓட்டுநர் இருக்கையிலிருந்து இயக்கும் கருவி) கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது தெளிவாகத் தெரிய வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் அளவைக் குறையுங்கள்.

பிரேக்கிலிருந்து நாற்றம் வருகிறது, மிதியும் மெத்தென்று இறங்குகிறது. என்ன செய்வது?

நாற்றம் மட்டும் என்றால் அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான வட்டு வளைந்தோ விரிசல் விட்டோ போகும். மிதி மெத்தென்று இறங்கினால், பிரேக் திரவம் கொதித்து அதில் குமிழி சேர்ந்துவிட்டது என்று பொருள். டாட் 3 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் உறிஞ்சிய பழைய திரவத்துக்கு அது 140 வரை இறங்கிவிடலாம். ஆறிய பிறகு மிதி இறுகினாலும், திரவத்தை மாற்றாமல் அடுத்த கணவாய்க்குப் போகக் கூடாது.

வேகம் கைமீறிவிட்டால் சரளைத் தப்பிப் பாதையில் நுழைந்துவிடுங்கள். அது லாரிகளுக்கு மட்டும் உரியதல்ல. வண்டியை வெளியே இழுக்க ஆகும் செலவை நினைத்து ஒரு நொடிகூடத் தயங்காதீர்கள்.

பின்னால் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்துவிட்டால் பதற்றமாக இருக்கிறது. வேகத்தைக் கூட்டலாமா?

கூட்ட வேண்டாம், ஒதுங்குங்கள். இருவழிச் சாலையில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் பின்னால் சேர்ந்துவிட்டால் ஒதுக்கிடத்தில் வழிவிட வேண்டும் என்பது கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் சட்டம். வழியைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒதுக்கிடங்களைக் குறித்துக்கொண்டால் பதற்றமே வராது.

ஒரே சாலையில் எந்தத் திசையில் போகிறோம் என்பதால் வேறுபாடு உண்டா?

நிறைய உண்டு. வட்டமாகப் பயணம் போடும்போது, கடுமையான பக்கத்தில் ஏறி மென்மையான பக்கத்தில் இறங்கும்படி திசையை வையுங்கள். ஏற்றத்தில் வேகம் குறைவதோடு போய்விடும் என்று மேலே சொன்னேன். 14ஏ சாலையில் போயே ஆக வேண்டும் என்றால், மேற்கே உள்ள லவல் என்ற ஊரிலிருந்து ஏறுவது இறங்குவதைவிட எவ்வளவோ மேல்.

இன்னொன்று, பள்ளம் எந்தப் பக்கம் வருகிறது என்பது. அமெரிக்காவில் வலப்புறம் ஓட்டுவதால், மில்லியன் டாலர் ஹைவேயில் யூரேயிலிருந்து தெற்கே போகிறவர் பள்ளத்தின் ஓரத் தடத்தில் இருப்பார். சில்வர்டனிலிருந்து வடக்கே வருகிறவர் மலைச்சுவரை ஒட்டி வருவார்.

சரிவு எல்லாம் சரிபார்த்துவிட்டோம். காற்றும் பனியும் எவ்வளவு பொருட்படுத்த வேண்டும்?

காற்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 25 அடி நீள டிரெய்லரின் பக்கச் சுவர் ஏறத்தாழ 200 சதுர அடி. 50 மைல் வேகக் குறுக்குக் காற்று அதன் மேல் ஆயிரம் பவுண்டுக்கு மேல் அழுத்தும். வயோமிங்கில் இன்டர்ஸ்டேட் 80, லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே சரிவில் எளிய சாலைதான். ஆனால் காற்று மிகும் நாட்களில் எடை குறைந்த உயரமான வண்டிகளுக்கு அதை மூடிவிடுகிறார்கள். டிராவல் டிரெய்லர் அந்த வகையில்தான் சேரும். அப்படிப்பட்ட நாளில் விடியற்காலையில் கடந்துவிடுங்கள், அல்லது ஒரு நாள் தங்கிவிடுங்கள். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் முன்வண்டியின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, கன்ட்ரோலர் கைப்பிடியால் டிரெய்லர் பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும்.

பனியைப் பற்றி ஒரே வரிதான்: பனிக்காலத்தில் டிரெய்லரோடு கணவாய் ஏறாதீர்கள். உயரமான கணவாய்கள் பல நவம்பரிலிருந்து மே இறுதி வரை மூடியே இருக்கும். செப்டம்பர் முடிவிலும் ஜூன் தொடக்கத்திலும்கூடக் கிளம்பும் அன்று காலை அந்தந்த மாநிலத்தின் 511 சாலைத் தகவலைப் பார்த்துவிடுங்கள்.

எலக்ட்ரிக் வண்டியில் இழுத்தால் பிரேக் கவலையே இல்லை என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. இறங்கும் ஆற்றலை மோட்டார் மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புவதால் பிரேக் குளிர்ச்சியாகவே இருக்கும், பேட்டரியில் இடம் இருக்கும் வரை. மேலே போட்ட 49 மெகாஜூல் கணக்கு ஏறத்தாழ 13.6 கிலோவாட்-மணி. உச்சியில் உள்ள ஊரில் இரவு தங்கி 100% சார்ஜ் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்கினால், அந்த மின்சாரத்தை வாங்க பேட்டரியில் இடம் இல்லாமல் சாதாரண பிரேக்கை நம்ப வேண்டியதாகிவிடும். உச்சியில் 80% வரை மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தும் தவறான சாலையில் நுழைந்துவிட்டோம். பாதி வழியில் என்ன செய்வது?

இன்னும் ஏறிக்கொண்டிருந்தால் உங்களிடம் நேரம் இருக்கிறது. முதலில் கிடைக்கும் அகலமான ஒதுக்கிடத்தில் நிறுத்தி, விளக்குகளைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வளைவில் திருப்ப முயலாதீர்கள். திரும்புவதற்கு இடம் போதாவிட்டால், சமமான இடமாக இருந்தால் டிரெய்லரைக் கழற்றி, வெறும் வண்டியில் இரண்டு மைல் முன்னே போய்ச் சாலையைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். நினைத்ததைவிட எளிதாகவும் இருக்கலாம், திரும்புவதற்கு ஏற்ற இடமும் கிடைக்கலாம்.

உச்சியைத் தாண்டி இறங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றால், மிகத் தாழ்ந்த கியரில் 20 மைல் வேகத்தில் இறங்குங்கள். ஒவ்வொரு ஒதுக்கிடத்திலும் நின்று பிரேக்கை ஆற விடுங்கள். ஓட்டுபவருக்குக் கை நடுங்கினால், அந்த மாநிலத்தின் நெடுஞ்சாலைக் காவலர்களை அழைத்து உதவி கேளுங்கள். மலைப்பகுதியில் கைபேசிச் சமிக்ஞை அறுந்து அறுந்துதான் வரும். ஆகவே அழைப்பதற்கு முன் சாலையோர மைல் கல்லின் எண்ணைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முதல் வாக்கியத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள்.